பதினாறு வயதில் நிற்கும் கட்டாயம்

வல்வெட்டித்துறையில் படிப்புக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நூறாண்டைக் கடந்த சிதம்பராக் கல்லூரியின் பெயரில் பிரித்தானியாவில் கணிதப் போட்டியே நடக்கிறது. ஊரிலிருந்து போனவர்கள் எங்கிருந்தாலும் தாம் படித்த பாடசாலையை மறப்பதில்லை. ஆனால் பாடசாலையின் பெருமையை வைத்து அதன் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் நிலையை அளக்க முடியாது. கடற்றொழிலை நம்பிய வீட்டில் தரம் 10, 11 படிக்கும் பையன் ஒருவன் வரவுப் பதிவேட்டில் மெல்ல மெல்லக் காணாமல்போகும்போது, சட்டம் அவனுக்கு என்ன செய்கிறது?

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். கட்டாயம் என்பது அதற்கு அரை நூற்றாண்டு பிந்தியது. 1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் ஒழுங்குவிதிகள் வெளியாகி, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பாடசாலை செல்வது 1998 இலிருந்து கட்டாயமானது. 2016 ஏப்ரலில் வந்த வர்த்தமானி அதை 16 ஆக்கியது. ஆனால் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 2021 வரை 14 ஆகவே இருந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்கள், பதினைந்து வயதுப் பிள்ளை பாடசாலைக்குப் போயாக வேண்டும் என்று ஒரு சட்டமும், வேலைக்குப் போகலாம் என்று இன்னொரு சட்டமும் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே நாட்டின் சட்டங்கள்தான்.

இப்போது இரண்டும் 16 இல் சந்திக்கின்றன. சிக்கலும் அங்கேதான்.

ஜனவரி 31 அன்று ஐந்து வயது பூர்த்தியான பிள்ளைதான் அந்த வருடம் தரம் 1 இல் சேரலாம். 2005 பெப்ரவரியில் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 2011 இல் தரம் 1, 2021 இல் தரம் 11. அந்த வருடம் பெப்ரவரியிலேயே 16 வயதாகிவிட்டது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வழமைபோல் டிசம்பரில் நடந்திருந்தாலே பத்து மாதங்கள் கட்டாயத்துக்கு வெளியே. கொரோனாவால் அந்தப் பரீட்சை 2022 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதாவது பதினைந்து மாதங்கள். அதே வகுப்பில் கடைசியாக, 2006 ஜனவரியில் பிறந்தவருக்கும் பரீட்சையன்று 16 கடந்துவிட்டது. உரிய வயதில் பாடசாலையில் சேர்ந்த ஒருவர்கூட அன்று கட்டாயக் கல்வியின் வரம்புக்குள் இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2023 மே, ஜூன் மாதங்களில் நடந்தது. 2024ஆம் ஆண்டுக்கானது 2025 மார்ச்சில். கணக்கு மாறவில்லை.

பதினொரு வருடம் கட்டாயப்படுத்திவிட்டு, பரீட்சை மண்டப வாசலில் கையை விட்டுவிடுகிறது சட்டம்.

வாசலின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். இந்திய இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதாக வடமராட்சிக் கடற்றொழிலாளர்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். வலை போன வீட்டில் 16 வயதுப் பையனின் இரண்டு கைகள் பெரிய உதவி. பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. 2025 இல் அஸ்வெசும பெறும் குடும்பங்களின் மாணவர்களுக்குக் கற்றல் உபகரணங்கள் வாங்க 6,000 ரூபாயும் கிடைத்தது. ரியூசன் காசு இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ரியூசன் இல்லாமல் சாதாரண தரம் என்பதைப் பெற்றோர் கற்பனை செய்வதே அரிது.

பதினைந்து வயதுப் பிள்ளை வராவிட்டால் அதிபர் கிராம அலுவலருக்கோ சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ அறிவிக்கலாம். வீடு தேடிப்போய்ப் பேச ஒரு சட்டப் பிடி இருக்கிறது. பதினாறு கடந்தவன் விடயத்தில் மிஞ்சுவது ஆசிரியரின் அக்கறை மட்டும்தான். அக்கறையுள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களுக்கு இடமாற்றமும் வரும்.

இன்னொரு குறை அடியிலேயே உள்ளது. இந்தக் கட்டாயம் பெற்றோர் மீது விழும் கடமை. பிள்ளை அரசிடம் கேட்டுப் பெறும் அடிப்படை உரிமை அல்ல. கல்வி வாய்ப்பு அனைவருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில் அரச கொள்கையாக எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்கிறது. பாடசாலை அனுமதி மறுக்கப்பட்டால் 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைப் பிடித்துக்கொண்டுதான் உயர் நீதிமன்றம் ஏற வேண்டும். இந்தியா 2002 இல் அரசியலமைப்பைத் திருத்தி 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அங்கே வயது குறைவு, ஆனால் பொறுப்பு அரசின் தலையில்.

சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் தொழிற்பாடங்களுடன் தொடர்ந்து படிக்க 2017 இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் தரம் 11 இன் நடுவில் நின்றுவிட்டவனை அதுவரை கொண்டுவந்து சேர்ப்பது யார்?

அரசியலமைப்பை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும். ஒழுங்குவிதியில் 16 வயது என்பதோடு 'அல்லது சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை, எது பிந்தியதோ அதுவரை' என்று சேர்க்க அது தேவையில்லை. 2016 இல் 14 ஐ 16 ஆக்கியதும் ஒரு வர்த்தமானிதான்.