ஜன்னல் திரையின் சங்கிலி பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது



நமதூர் வீடுகள் மாறிவிட்டன. வெளிநாட்டு உழைப்பிலும் வேளாண்மைக் காசிலும் எழும்புகிற புது வீடுகளில் அலுமினியம் ஜன்னல், டைல் தரை, ஏசி அறை என்று எல்லாம் வந்துவிட்டன. அவற்றோடு துணிக் கர்ட்டினுக்குப் பதிலாக மேலே சுருண்டு போகும் 'ரோலர் பிளைண்ட்' திரைகளும் வருகின்றன. பார்க்க அழகு, தூசு தட்டுவது லேசு, வெயிலும் நன்றாக மறைபடும். அந்தத் திரையில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை. நமது மறுப்பு அதன் ஓரத்தில் தொங்கும் சங்கிலியோடுதான்.

அந்தச் சங்கிலியைக் கவனித்துப் பாருங்கள். பாசி மணி கோத்தது போல இருக்கும். அதற்கு நுனி கிடையாது. இரண்டு முனையும் இணைந்த ஒரே வளையமாகத் தொங்கும். ஒரு பக்கம் இழுத்தால் திரை ஏறும், மறு பக்கம் இழுத்தால் இறங்கும். பெரியவர்களுக்கு அது ஒரு வசதி. கட்டிலில் ஏறி நின்று ஜன்னலால் வெளியே எட்டிப் பார்க்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தலை நுழையும் அளவில் உள்ள ஒரு சுருக்கு.

இது வீண் பயமல்ல. அமெரிக்காவில் ஜன்னல் திரைகளின் கயிறுகளில் சிக்கி ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆண்டுக்குச் சராசரியாக 9 பேர் மரணிக்கிறார்கள் என்று அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. சிறு பிள்ளையின் உடம்போடு ஒப்பிட்டால் தலை பாரம் கூடியது. கால் சறுக்கினால் திரும்ப எழுந்து நின்று கழுத்தை விடுவிக்கிற பலம் அந்த வயதில் இல்லை. மூச்சுக்குழாய் அமுங்கிவிட்டால் அழவும் முடியாது. அதனால் அடுத்த அறையில் இருக்கும் உம்மாவுக்குக்கூட ஒரு சத்தமும் கேட்காது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

இதைச் சொன்னால் நம்மில் பலர் தருகிற முதல் பதில், "பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே" என்பது. அந்தப் பதிலோடுதான் நாம் முரண்படுகிறோம்.

கிணற்றை யோசித்துப் பாருங்கள். பிள்ளையைக் கிணற்றடிக்கு விடாதே என்று நமது மூத்தம்மாமார் ஓயாமல் சொன்னார்கள். அதோடு நிற்காமல் கிணற்றுக்குக் கட்டும் கட்டினார்கள். வளவில் கட்டில்லாத கிணறு ஒன்று கிடந்தால், அங்கு ஒரு பிள்ளை விழும் வரை காத்திருக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். பின்னால் இருக்கும் பெண்ணின் சாரியும் ஹபாயாவும் சில்லில் சிக்கக் கூடாது என்று பின் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு காப்பு போடுகிறார்கள். இந்தியாவில் 1989 ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளிலேயே அது கட்டாயமாக்கப்பட்டது. "ராத்தா, உடுப்பைப் பிடித்துக்கொண்டு இருங்கள்" என்று சொல்வது ஒரு புத்திமதி. அந்தக் காப்பு புத்திமதியை மறந்த நாளிலும் காப்பாற்றும்.

எந்த உம்மாவும் 24 மணித்தியாலமும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அடுப்பில் சோறு இருக்கும், தொழுகை நேரம் வரும், கைக்குழந்தை அழும். ஆபத்து அந்த ஐந்து நிமிடத்தில்தான் வருகிறது. பார்த்துக்கொள்ளாத ஐந்து நிமிடத்திலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதபடி பொருளைச் செய்ய முடியும் என்றால், அப்படிச் செய்யாத பொருளை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

செய்ய முடியும் என்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஸ்டூவர்ட் ஹார்ட்ஷோர்ன் என்ற அமெரிக்கர் 1864 இலேயே கயிறில்லாத சுருட்டுத் திரைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். திரை சுற்றியிருக்கும் உருளைக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். கீழ்ச் சட்டத்தைப் பிடித்து இழுத்தால் ஸ்பிரிங் முறுக்கேறும். மெதுவாக விட்டால் சிறு கொண்டி ஒன்று பல்லில் விழுந்து திரையை அதே இடத்தில் நிறுத்தும். ஒரு சின்ன இழுப்பு இழுத்து விட்டால் கொண்டி விலகி, ஸ்பிரிங் திரையை மேலே சுருட்டிக்கொள்ளும். தொங்குவதற்குக் கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை.

அந்தப் பழைய வகை சில நேரம் கையை விட்டு 'படார்' என்று மேலே ஓடும். இப்போது வருகிறவற்றில் ஸ்பிரிங்கோடு ஒரு பிரேக்கும் இருக்கிறது. கீழ்ச் சட்டத்தைக் கையால் தூக்கினால் ஏறும், இறக்கினால் இறங்கும், விட்ட இடத்தில் நிற்கும். உயரமான ஜன்னலுக்கு ஒரு கொக்கித் தடி போதும். மோட்டரில் இயங்குவதும் உண்டு. அதில் மட்டும் ஒரு கவனம் தேவை. ரிமோட்டுக்குள் சட்டைப் பொத்தான் போன்ற சிறு பெட்டரி இருந்தால், அதன் மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். அந்தப் பெட்டரியைப் பிள்ளை விழுங்கினால் அது வேறொரு பெரிய ஆபத்து.

உலகம் இந்த விடயத்தில் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதையும் பார்ப்போம். 2009 டிசம்பரில் அமெரிக்காவில் 5 கோடிக்கும் மேற்பட்ட ஜன்னல் திரைகள் பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதி மீளழைக்கப்பட்டன. கட்டாரிலும் துபாயிலும் உழைக்கிற நமது காக்காமார் அறிந்த ஐகியா நிறுவனம், 2016 தொடக்கம் கயிறு தொங்கும் திரைகளை உலகம் முழுவதும் விற்பதில்லை என்று முடிவெடுத்தது. அமெரிக்கத் தரவிதி கடைகளில் ஆயத்தமாக விற்கும் திரைகளுக்கு 2018 டிசம்பரிலும், அளவெடுத்துச் செய்யும் திரைகளுக்கு 2024 ஜூனிலும் இறுக்கப்பட்டது. கனடாவில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், பிள்ளையின் கைக்கெட்டும் கயிறு 22 சென்றிமீற்றரைத் தாண்டக் கூடாது என்கிறது. அவுஸ்திரேலியாவில் திரையைப் பொருத்துகிறவருக்கும் சட்டப் பொறுப்பு உண்டு. தரையிலிருந்து 1.6 மீற்றருக்குக் கீழே கயிறு வளையமாகத் தளர்ந்து தொங்க விடக் கூடாது.

இப்படி ஒவ்வொரு நாடும் கதவைச் சாத்தும்போது, சங்கிலி வைத்த மலிவுச் சரக்கு எந்தப் பக்கம் திரும்பும்? கேட்பாரில்லாத சந்தைகளுக்குத்தான் திரும்பும். அந்தச் சந்தையாக நாம் இருக்கக் கூடாது என்பதே இந்தப் பதிவின் நோக்கம்.

"நமதூரில் இப்படி ஒன்றும் நடந்ததில்லையே" என்று சிலர் கேட்கலாம். இந்தத் திரைகளே நமதூருக்குப் புதிது. ஒரு ஜனாஸாவுக்குப் பிறகு விழிப்பதை நாம் விழிப்பு என்று சொல்ல முடியாது. "எல்லாம் கத்ரின்படிதானே" என்றும் சிலர் சொல்வார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், படுக்கும் முன் விளக்கை அணைக்கவும் பாத்திரத்தை மூடவும்கூடச் சொல்லித் தந்தார்கள். வீட்டைப் பாதுகாப்பாக வைப்பது ஈமானுக்கு எதிரானதல்ல.

விலையைப் பற்றியும் பேச வேண்டும். சங்கிலி இல்லாத வகைக்குக் காசு கூடத்தான். அதனால் எல்லா ஜன்னலையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. பிள்ளை தூங்கும் அறை, விளையாடும் அறை, கட்டிலோ செற்றியோ பக்கத்தில் இருக்கும் ஜன்னல் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அதற்கும் வசதியில்லை என்றால் பழைய துணிக் கர்ட்டினே மேல். கம்பியில் வளையம் கோத்து, கையால் தள்ளித் திறக்கிற கர்ட்டினில் தொங்குவதற்குக் கயிறே இல்லை.

ஏற்கெனவே சங்கிலித் திரை போட்டவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியவை:

1. கட்டில், தொட்டில், செற்றி, கதிரை எல்லாவற்றையும் அந்த ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். பிள்ளை ஏறுவதற்கு இடம் இல்லாமல் செய்யுங்கள்.

2. சங்கிலியின் அடிப் பகுதியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் பிடி ஒன்று உண்டு. அதைச் சுவரில் ஸ்குரூ போட்டுப் பொருத்துங்கள். சங்கிலி தளராமல் நேராக நிற்க வேண்டும். அதற்குள் பிள்ளையின் தலை நுழையக் கூடாது.

3. சங்கிலி அல்லாமல் இரட்டைக் கயிறு தொங்கும் திரை என்றால், 1.6 மீற்றருக்கு மேலே சுவரில் ஒரு பிடி அடித்து, ஒவ்வொரு முறையும் கயிறு முழுவதையும் அதில் சுற்றி வையுங்கள்.

இவையெல்லாம் தற்காலிக ஏற்பாடுதான். பிடி கழன்றால் வளையம் மறுபடியும் தொங்கும். அடுத்த முறை வாங்கும்போது சங்கிலி இல்லாததையே கேளுங்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, அம்பாறைக் கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள். சங்கிலி இல்லாத வகையையும் ஒரு மாதிரிக்குக் கடையில் மாட்டி வையுங்கள். சங்கிலித் திரை பொருத்தப் போகும் தம்பிமார், அந்தச் சுவர்ப் பிடியைப் பொலித்தீன் பைக்குள்ளேயே விட்டுவிட்டு வராமல், பொருத்திவிட்டே வர வேண்டும்.

பாடசாலைகளுக்கும் பாலர் பாடசாலைகளுக்கும் மத்ரஸாக்களுக்கும் இதில் இரட்டைப் பொறுப்பு இருக்கிறது. ஒரு வகுப்பறையில் 30 பிள்ளைகள் இருக்கும்போது ஆசிரியரின் இரண்டு கண்கள் போதாது என்பது ஆசிரியர்களாகிய நமக்கு நன்றாகத் தெரியும். தனவந்தர்கள் அன்பளிப்பாகத் திரை தந்தாலும், பாடசாலை அபிவிருத்திக் குழு காசு கொடுத்து வாங்கினாலும், "சங்கிலி இல்லாதது" என்ற ஒரு சொல்லை விலை கோரும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

அரசிடமும் கேட்க வேண்டும். தரத்தைத் தீர்மானிக்க இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் இருக்கிறது. சந்தையைக் கண்காணிக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. பிள்ளைக்கு எட்டும் கயிறு தொங்கும் திரை துறைமுகத்தோடு நிற்க வேண்டும் என்று நமது பிரதேச சபை உறுப்பினர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் பேச வேண்டும். அவர்கள் பேசும் வரைக்கும் வாங்குகிற நமது கை சும்மா இருக்கத் தேவையில்லை. கடையில் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அந்தச் சாமான் தானாக வந்து நிற்கும்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தரையில் குந்தி, உங்கள் பிள்ளையின் உயரத்தில் இருந்து வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கைக்கெட்டும் வளையம் எது இருந்தாலும் அன்றைக்கே ஒரு வழி பண்ணுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதை அனுப்பியும் விடுங்கள்.