வைஃபை கேட்கிறதுக்கு முதல் வயரைக் கேட்போம்

கம்பஸில் இன்டர்நெட் பற்றி எப்ப கதைச்சாலும் எங்கட கோரிக்கை ஒன்றுதான்: "வைஃபை வேணும்." நியாயமான கோரிக்கை. ஆனால் பாதிதான் கேட்கிறோம். கூரையில் பூட்டியிருக்கிற வைஃபை பெட்டிக்கும் பின்னால் ஒரு செப்புக் கேபிள் போகுது. பல இடங்களில் அந்தப் பெட்டிக்கு மின்சாரமும் அதே கேபிளால்தான் வருது. கேபிள் மோசமென்றால் எத்தனை பெட்டி மாற்றியும் பிரயோசனமில்லை.

"கலைப்பீடத்துக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்பீர்கள். விளங்கினால்தானே சரியாகக் கேட்கலாம்.

கேபிளை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பி, நாலு சோடி. ஒவ்வொரு சோடியும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கும். ஒரு கம்பியில் போற சிக்னலுக்கு நேர் எதிரானது மற்றக் கம்பியில் போகும். பக்கத்து மின்வயரிலிருந்து வாற இரைச்சல், முறுக்கு இருப்பதால், இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விழும். மறுமுனையில் இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும். கிரகாம் பெல் தொலைபேசிக்காக 1881 இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இண்டைக்கும் இதில்தான் ஓடுறோம்.

சாதாரண "கட் 5ஈ" கேபிளே 100 மீற்றர் வரை செக்கனுக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும். எங்கட நூலகத் தேவைக்கு அது தாராளம். பிரச்சினை, போடுகிற விதத்தில். முனையில் கனெக்டர் பூட்டும்போது 13 மில்லிமீற்றருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக்கூடாது. அவசர வேலையில் இதை யார் பார்க்கிறது? இன்னொன்று, அலுமினியத்துக்கு மேல் செப்பு பூசின கேபிள். விலை குறைவு, வெளியில் பார்க்க வித்தியாசம் தெரியாது. ஆனால் தடை கூட, மின்சாரம் அனுப்பினால் சூடும் கூட. நியமங்கள் அதை ஏற்பதில்லை.

"எல்லாரிட்டயும் ஃபோன்தானே, வயரை எங்க குத்துறது?" சரியான கேள்வி. வைஃபை என்பது ஒரே காற்றை எல்லாரும் பங்குபோடுறது. லாப் கொம்பியூட்டர், நூலகக் கொம்பியூட்டர், விரிவுரை மண்டபத்துக் கொம்பியூட்டர் எல்லாம் அசையாமல் ஒரே இடத்தில் இருப்பவை. அதுகளை வயருக்கு மாற்றினால் மிச்சக் காற்று ஃபோன்களுக்கு. டேட்டா போட வசதியில்லாத பிள்ளைக்கு அந்த லாப் கொம்பியூட்டர்தான் ஒரே வழி என்பதையும் மறக்கவேண்டாம்.

சுவர் பூசினபிறகு வயர் போடுறது இரட்டைச் செலவு. ஆகவே அடுத்த கட்டடம் எழும்ப முதலே மாணவர் ஒன்றியங்கள் மூன்று கேள்வி கேட்கவேணும்: என்ன வகைக் கேபிள்? முழுச் செப்பா? போட்டு முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் சோதித்த அறிக்கை எங்கே?

இதைக் கேட்க இன்ஜினியரிங் படிக்கத் தேவையில்லை.