மாமன் மகளும் ரோமாபுரிச் சட்டமும்

டிசம்பர் பிறந்துவிட்டால் தூத்துக்குடிக் கடற்கரையின் பங்குக் கோயில் அலுவலகங்களுக்குப் புது வகை ஆட்கள் வருகிறார்கள். கல்யாண ஓலை கொடுக்க வந்தவர்களும் இல்லை, பூசைக்குப் பணம் கட்ட வந்தவர்களும் இல்லை. டொரண்டோவிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பியவர்கள். "ஃபாதர், எங்க தாத்தாவோட தாத்தா பேரு உங்க ஏட்டுல இருக்குமா?" என்பார்கள். குடில் வேலை, பாடற்குழுச் சண்டை என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும் சாமியார், "வருசம் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்பார். தெரியாது. "சரி, பேரு?" சூசை. பேச்சு அதோடு முடிந்துவிடும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு சூசை இருப்பார்.

நானும் அந்த வரிசையில் நிற்கிறவன்தான். நின்றதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. தகப்பன், அவனுக்குத் தகப்பன் என்று ஆண்வழியிலேயே ஏறிக்கொண்டிருந்தால் மூன்றாம் தலைமுறையில் வழி அடைத்துக்கொள்ளும். ஞானஸ்நான ஏடு வம்சாவளி எழுதுவதற்காகத் திறக்கப்பட்டதில்லை. யாரை யார் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்ற கவலையில் திறக்கப்பட்டது அது. அந்தக் கவலையைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரிகிறது.

1563 நவம்பரில் திரெந்து பொதுச்சங்கம் திருமணச் சீர்திருத்தம் பற்றி ஓர் ஆணை போட்டது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்குமுன் ஞானத் தகப்பன், ஞானத் தாய் யார் என்று பங்குக்குரு விசாரித்து, அவர்கள் பெயரைப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்ற விதி வருவது அந்தக் கல்யாண ஆணைக்குள்தான். ஞானத் தகப்பனாக நின்றவருக்கும் பிள்ளைக்கும் ஓர் உறவு உண்டாகிறது. பிள்ளையின் பெற்றோரோடும் உண்டாகிறது. அன்றைய சட்டத்தில் அது கல்யாணத்துக்குத் தடை. பிள்ளையை ஏந்தியவர் சில வருடம் கழித்து, விதவையாகிவிட்ட அதன் தாயைக் கட்ட நினைத்தால் முடியாது. ஊர் மறந்துவிடும், புத்தகம் மறக்காது என்பது ஏற்பாடு. 1614-ல் வந்த உரோமைச் சடங்கு நூல் கல்யாணம், உறுதிபூசுதல், சாவு ஆகியவற்றுக்கும் ஏடு கேட்டது. வீடு வீடாக ஆன்மாக்களின் கணக்கும் எழுதச் சொன்னது.

நம் கடற்கரை அதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றுவிட்டது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றது 1535 முதல் 1537 வரை. பிரான்சிஸ் சவேரியார் வந்தது 1542-ல். ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கையில் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். கையில் கொடுத்தது எத்தனை மழையைத் தாங்கியிருக்கும்? ஆகவே சவேரியார் தண்ணீர் ஊற்றிய முப்பாட்டன் பெயரை ஏட்டில் பார்த்துவிடலாம் என்று விமானம் ஏறுகிறவர்கள், அந்த ஆசையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வரலாம்.

பிறகு வந்ததும் சீரான காலம் இல்லை. 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. 1773-ல் சேசு சபையே கலைக்கப்பட்டது. 1838-ல் பிரெஞ்சு சேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தபோது, இங்கே போர்த்துக்கல் அரசரின் உரிமையில் கோவாச் சாமியார்கள் இருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் பல்லாண்டு வழக்கு. ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு சாமியார், இரண்டு ஏடு. அண்ணன் பிள்ளைகள் ஒரு புத்தகத்திலும் தம்பி பிள்ளைகள் இன்னொன்றிலும் இருப்பார்கள். எந்தக் கட்சியில் உங்கள் வீடு நின்றது என்று தெரியாமல் ஒரு புத்தகத்தை மட்டும் புரட்டினால் பாதிக் குடும்பம் காணாமல் போகும். பெரும்பாலும் நம் கைக்கு எட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏடுகள்தான். அதுவே பெரிய கொடுப்பினை.

ஏட்டின் பக்கம் அப்படியொன்றும் மிரட்டாது. பழுப்பேறிய நீளமான தாள், எழுத்து அரித்துக்கொண்டு போன இடங்களில் ஊசித் துளைகள். லத்தீனில் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். இன்ன தேதியில், இன்ன சாமியாராகிய நான், இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த இன்ன பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். ஞானப் பெற்றோர் இன்னார் இன்னார். நாத்துஸ் என்றால் பிறந்தவன், ஃபீலியுஸ் என்றால் மகன், பத்ரினுஸ் என்றால் ஞானத் தகப்பன். பத்துச் சொல் தெரிந்தால் போதும், சாமியாரைத் தொந்தரவு செய்யாமல் படித்துக்கொள்ளலாம். சாகக் கிடந்த பிள்ளைக்கு மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றியிருந்தால் அதுவும் குறிக்கப்பட்டிருக்கும். சில பழைய ஏடுகளில் சாதியும் இருக்கும். வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிச் சுவர் 1910 வரை நின்ற நாடு இது. புத்தகத்தில் மட்டும் சுவர் இல்லாமல் இருக்குமா?

ஏட்டில் பெத்ருஸ் என்றிருப்பவர் ஊரில் இராயப்பன். பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், அந்த்ரேயாஸ் பெலவேந்திரன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். யாக்கோபுஸ் ஒரு வீட்டில் யாகப்பன், அடுத்த வீட்டில் சந்தியாகு. ஒரு சாமியார் லத்தீனில் எழுதுவார், அடுத்து வந்தவர் ஊரார் கூப்பிடுவதையே எழுதிவைப்பார். இதற்கு மேல் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. மூத்த பிள்ளை இறந்துபோனால் அந்தப் பெயரையே அடுத்த பிள்ளைக்கும் வைத்துவிடுவார்கள். ஆகவே சாவு ஏட்டையும் சேர்த்துப் பார்க்காமல் 'இவர்தான் நம்மவர்' என்று சொல்லக்கூடாது. பர்னாந்து, மோத்தா, ரொட்ரிகோ என்ற பின்பெயரும் கைகொடுக்காது. அவை போர்த்துகீசியர் வழியாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள்; ஊரில் பாதிப் பேருக்கு அவைதான். பின்பெயரைப் பார்த்துவிட்டு லிஸ்பனில் சொந்தக்காரர்கள் இருப்பதாகக் கனவு காணும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவரிடம் நான் இதைப் பேசுவதில்லை.

பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும் பார்த்துவிட்டு ஏட்டை மூடுகிறவர்களே அதிகம். பார்க்க வேண்டியது பிள்ளையைச் சுற்றி நிற்கிறவர்களை. நம் வீடுகளில் பூட்டனின் பெயர் தெரிந்திருக்கும். பூட்டி வெறும் பூட்டிதான். ஏட்டில் அவளுக்குப் பெயர் உண்டு. பெண்ணுக்குச் செய்த மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சபை இரத்த உறவைத் தாய்வழியிலும் எண்ணியது, அதனால் அவள் பெயர் தேவைப்பட்டது. ஞானத் தகப்பனும் ஞானத் தாயும் பெரும்பாலும் பெற்றோரின் கூடப்பிறந்தவர்களாகவோ நெருங்கிய சொந்தமாகவோ இருப்பார்கள். ஒரே தம்பதியின் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏந்தியவர்கள் யார் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். இரண்டு சூசைகளில் எந்தச் சூசை நம்மவர் என்பது அங்கே தெரிந்துபோகும்.

என் தாத்தா எங்கள் பங்கு ஏட்டில் இல்லை. அவருடைய தம்பிகள், தங்கைகள் எல்லோரும் இருக்கிறார்கள். மூத்தவர் மட்டும் இல்லை. வேறு மிஷன் ஏட்டிலும் இல்லை. என் பெரிய அத்தைக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவர், நிமிராமலேயே சொன்னார்: "ஏல, தலப்பிள்ளைய எவளாவது புருசன் வீட்டுல பெறுவாளா? ஆத்தா ஊருல போய்ப் பாரு."

தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிறந்த சில நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்பது அன்றைய கண்டிப்பு. ஆகவே மூத்த பிள்ளையின் பெயர் தாயின் ஊர்ப் பங்கில்தான் ஏறும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பூர்வீகம் தேடும் எவரும் இதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். மூத்தது காணவில்லை என்றால் அது நஷ்டமில்லை, பூட்டி எந்த ஊர்க்காரி என்பதற்குக் கிடைத்த துப்பு.

கடற்கரையோடு தெற்கே இருக்கும் அந்த ஊரில் தாத்தா இருந்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாளோடுதான் அவர் வாழ்ந்து முடித்தார். ஏட்டில் அவர் பிறந்தது ஐப்பசி மழையில். அதைவிடப் பெரிய லாபம் ஓரத்தில் இருந்தது. 1907-ல் ரோமாபுரி வெளியிட்டு 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த ஓர் ஆணைப்படி, ஒருவருக்கு எங்கே கல்யாணம் நடந்தாலும் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, அங்கே அவர் பெயருக்குப் பக்கத்தில் குறிக்க வேண்டும். இரண்டாம் கல்யாணம் ரகசியமாக நடந்துவிடக்கூடாதே என்ற அதே பழைய சந்தேகம். தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில், அவர் கல்யாணத் தேதியும் இடமும் இருந்தன. இடம் அதே கோயில். பிறந்தது அம்மா ஊரில், பெண் எடுத்ததும் அம்மா ஊரில். தாய்மாமன் மகளைக் கட்டியிருக்கிறார்.

தமிழனுக்கு மாமன் மகள் முறைப்பெண். அவளைக் கேட்காமல் விட்டால்தான் சண்டை. அன்றைய திருச்சபைக் கணக்கிலோ அவள் இரண்டாம் நிலை இரத்த உறவு. அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. 1917 சட்டத்தொகுப்பு வரும் வரை நான்காம் நிலை வரைக்கும் தடை, அதாவது பாட்டனுக்குப் பாட்டன் பொதுவாக இருந்தாலே தடை. சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கும் ஒரு கடற்கரை ஊரில் அப்படிப் பார்த்தால் யாரைத்தான் கட்டுவது? 1917-க்குப் பிறகு அது மூன்றாம் நிலையாகக் குறைந்தது; மாமன் மகள் அப்போதும் தடைக்குள்தான் இருந்தாள். மனைவி இறந்தபின் கொழுந்தியாளைக் கட்டவும் அன்று அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி கேட்கச் சாமியார் ஆயருக்கு எழுத வேண்டும். எழுதும்போது இருவரும் எந்த மூதாதையரிடம் போய்ச் சேருகிறார்கள் என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டுமென்றால் ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். நம்முடைய முறையும் அவர்களுடைய தடையும் மோதிய ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒரு பங்குக்குரு உட்கார்ந்து நமக்கு வம்சாவளி எழுதித் தந்திருக்கிறார்.

தாத்தாவின் கல்யாணத் தாள்களுக்கு நடுவே அப்படி ஒரு துண்டுத் தாள் இருந்தது. கீழே மணமகன், மணமகள். அவருக்கு மேலே அவர் தாய், அவளுக்கு மேலே அவள் தகப்பன். உச்சியில் இரண்டு கோடும் கூடும் இடத்தில் ஒரு தம்பதி. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் பொதுவான பாட்டனும் பாட்டியும். எனக்கு ஓட்டனும் ஓட்டியும். அந்த ஓட்டியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. அத்தை இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர், குடும்பப் பெயரைப் பேப்பரில் ஏற்றினதற்கு என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேடல் வேறு மாதிரி முடியும். அங்கே ஏணியின் மேல்படியில் ஒரு வளர்ந்த ஆள் ஞானஸ்நானம் பெற்றிருப்பார். அவருக்கு மேலே ஏட்டுக்கு வேலை இல்லை. புதுச்சேரி, காரைக்கால் வகையறாவில் சிலருக்கு அதிர்ஷ்டம் உண்டு. 1776-ல் பிரெஞ்சு அரசு குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி எடுத்து வெர்சாய்க்கு அனுப்பச் சொல்லிவிட்டது. அவை இப்போது தெற்கு பிரான்சின் எக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம். புதுச்சேரிப் பதிவுகளின் சுருக்கத்தை ஆளுநராக இருந்த ஆல்ஃப்ரெட் மர்த்தினோ அச்சிலேயே கொண்டுவந்தார். பழைய பதிவுகளில் ஐரோப்பியரும் அவர்களோடு கலந்த குடும்பங்களுமே அதிகம்.

நம் பக்கத்து ஏடுகளுக்கு எனக்குத் தெரிந்து அப்படிப் படி இல்லை. எனக்குத் தெரிந்த பிரதி பங்கு வீட்டு மர அலமாரியில் இருப்பதுதான். உலகமெங்கும் கோயில் ஏடுகளைப் படமெடுத்துவந்த அமெரிக்க யூட்டா வம்சாவளிச் சங்கத்துக்கு ஏடுகளைத் தர வேண்டாம் என்று 2008 ஏப்ரலில் வத்திக்கான் ஆயர்களுக்கு எழுதிவிட்டது. மோர்மோன்கள் இறந்தவர்களுக்கும் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள் என்பது காரணம். காரணம் புரிகிறது. கறையான் மட்டும் இறையியல் படித்ததில்லை. வெளியாருக்குக் கொடுக்க வேண்டாம் என்றால் மறைமாவட்டங்களே எடுக்கலாம். பங்கு இளைஞர் மன்றத்தில் நல்ல கேமரா போன் இல்லாத பிள்ளை யார்? உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களை மூடி வைத்துவிட்டு, நூறு வருடம் தாண்டியதை மட்டும் எடுத்தால்கூடப் போதும். 1969-ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வரும் முன் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேருக்கு வயதுக்கு இருந்த ஒரே சாட்சி இந்த ஏடுதான்.

துண்டுத் தாளைப் போனில் படமெடுத்து வந்து அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆயரிடம் அனுமதி வாங்கித்தான் அவருடைய அய்யாவும் ஆத்தாவும் கல்யாணம் கட்டியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். அத்தைக்கு ஓட்டியின் பெயரைவிட அதுதான் சுருக்கென்று பட்டது.

"சொந்த மாமன் மகளக் கட்டுறதுக்கு ஆண்டவருகிட்ட எதுக்குல எழுதிக் கேக்கணும்? மாமன்கிட்டல்லா கேக்கணும்!"