வட்டவடையிலிருந்து ஆஞ்சியோகிராம் எவ்வளவு தூரம்?

வட்டவடையிலிருந்து மூணாறு சுமார் 45 கி.மீ. பாம்பாடும் சோலைக் காட்டின் ஊடாக வளைந்து இறங்கும் பாதை. அங்கிருந்து கொச்சி மேலும் 130 கி.மீ. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் இவ்வூர் உழவருக்கு நெஞ்சு வலித்தால் ஆஞ்சியோகிராம் எப்போது செய்ய வேண்டும்? இவ்வினாவை நகரத்து மருத்துவமனை வாசலில் நின்று கேட்பது தவறு. மலைமேல் நின்றே கேட்க வேண்டும்.

விடை நோயாளியின் நிலையைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது.

முதலாவது, மாரடைப்பு. ஈசிஜியில் எஸ்டி பகுதி உயர்ந்திருந்தால் இதயத் தமனி ஒன்று பெரும்பாலும் முழுமையாக அடைபட்டிருக்கும். 120 நிமிடங்களுக்குள் பலூன் சிகிச்சை கிடைக்குமெனில் அதுவே சிறந்தது. வட்டவடைக்காரர் அந்நேரத்தில் கொச்சியை எட்ட இயலாது. ஆகவே, இரத்தக்கசிவு அபாயம் இல்லையெனில், வழியிலுள்ள மருத்துவமனையிலேயே இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. பிறகு 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம். கட்டி கரையாவிடில் காத்திராமல் உடனே. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களுடன் இவ்வாறு இணைத்து 2,420 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6-லிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. ஈசிஜி இயல்பாகத் தோன்றினும் ட்ரோபோனின் உயர்ந்திருந்தால் அதுவும் மாரடைப்பாக இருக்கலாம்; அவரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பலாகாது.

இரண்டாவது, ஏறும்போது வந்து நின்றால் தணியும், மாதக்கணக்கில் மாறாத நெஞ்சுவலி. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், இத்தகையோருக்குத் தொடக்கத்திலேயே ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் செய்வது, மருந்தோடு தொடங்குவதைவிட மரணத்தையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. வலி குறைந்தது உண்மை. எனவே மருந்துக்கு அடங்காத வலி இருந்தால் ஆஞ்சியோகிராம் நியாயமே. இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளோரும் இதயத் துடிப்பாற்றல் மிகக் குறைந்தோரும் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களை எக்கோவாலும் சிடி ஸ்கேனாலும் முன்கூட்டியே கண்டறிய வேண்டும்.

நடைமுறை தலைகீழாகும்போதுதான் துயரம். காத்திருக்கக் கூடியவர் அச்சத்தில் பூண்டு விற்ற பணத்தை ஸ்டென்டுக்குக் கட்டுகிறார். காத்திருக்கக் கூடாதவர் வாயுத்தொல்லை என்றெண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்து விடியலுக்குக் காத்திருக்கிறார்.

இருவரையும் பிரித்தறிய மலைக்குத் தேவை கேத் லேப் அன்று. எந்நேரமும் எடுக்கக்கூடிய ஈசிஜி, அதைத் தொலைவிலிருந்து உடனே படித்துச் சொல்லும் இதய மருத்துவர், ஆயத்தமாக நிற்கும் ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டின் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் தவணையைக் கொடுத்து அனுப்புகிறது. எல்லைக்கு இருபுறமும் மலையூர்களுக்கு வேண்டிய முதற்படி இதுவே. ஆஞ்சியோகிராம் நகரத்தில் நடக்கட்டும். அதற்கான முடிவு வட்டவடையிலேயே எடுக்கப்பட வேண்டும்.