ஜிப் செய்தாகிவிட்டது, விரித்துப் பார்த்தீர்களா?

"ஜிப் பைலைத் திறக்க எந்த சாப்ட்வேரை டவுன்லோட் செய்யலாம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். விண்டோஸில் ரைட் கிளிக் செய்தாலே ஜிப் உருவாக்கலாம், விரிக்கலாம். இது பலருக்குத் தெரியும். 2018-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து டார் என்ற கட்டளையும் விண்டோஸுடனேயே வருகிறது. இதுதான் பலருக்குத் தெரியாது. கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் டைப் செய்ய வேண்டும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் போக வேண்டும் என்பது என் கட்சி.

டார் என்பது டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். 1979-ல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், பைல்களைக் காந்த நாடாவில் வரிசையாக எழுதி வைக்க வந்தது. இது மூட்டை மட்டும்தான் கட்டும். அமுக்கிச் சுருக்க ஜிஜிப் போன்ற வேறு புரோகிராம் வேண்டும். லினக்ஸில் வழக்கமாக உள்ள டார் இன்றும் ஜிப் பைலைத் தொடாது. அங்கே அதற்கு அன்ஜிப் இருக்கிறது. விண்டோஸில் உள்ள டார் ஜிப்பையும் கையாளும்.

மவுஸ் இருக்கும்போது இது எதற்கு என்பீர்கள். ஜிப் பைலை டபுள் கிளிக் செய்தால் எக்ஸ்ப்ளோரர் அதைச் சாதாரண போல்டர் போலவே காட்டும். உள்ளே ஒரு கடிதத்தைத் திறந்து திருத்தினால் திருத்தம் ஜிப்பில் ஏறாது. திறந்தது ஒரு தற்காலிகப் பிரதிதான். அதைவிட ஆபத்து, பைல் பெயர்கள் தெரிந்தால் பைல்களும் நன்றாக இருக்கின்றன என்று நம்பிவிடுவது.

என் உறவினர் ஒருவர் மகள் கல்யாண போட்டோக்களை "இடம் மிச்சமாகும்" என்று ஜிப் செய்து பென்டிரைவில் போட்டார். காப்பி முடியும் முன்பே பென்டிரைவை உருவிவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். ஜிப் பைலின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசியில்தான் இருக்கும். வால் அறுந்தால் விண்டோஸ் திறக்காது. ஸ்டூடியோக்காரர் எடுத்தவை அவரிடம் இருந்தன. வீட்டார் எடுத்தவை போனது போனதுதான். இத்தனைக்கும் அவருக்கு இடம் மிச்சமாகவே இல்லை. ஜேபெக் போட்டோக்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, ஜிப் செய்தாலும் அளவு ஏறக்குறைய அதேதான். எம்பி3 பாட்டு, வீடியோவும் அப்படியே. நன்றாகச் சுருங்குவது வெறும் எழுத்து நிறைந்த பைல்கள்தான்.

கட்டளைக்கு வருவோம். போட்டோ போல்டருக்கு வெளியே உள்ள போல்டரைத் திறந்து, அட்ரஸ் பாரில் சிஎம்டி என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை அந்த இடத்திலேயே திறக்கும். இங்கே தமிழில் தருவதை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.

டார் -ஏ -சி -எஃப் போட்டோ.ஜிப் போட்டோ

சி என்றால் உருவாக்கு. எஃப்-க்குப் பிறகு வருவது ஜிப்பின் பெயர். அந்தப் பெயரின் வாலைப் பார்த்து, ஜிப்பாகவே கட்டச் சொல்வது ஏ. ஜாக்கிரதை, அதே பெயரில் பழைய ஜிப் இருந்தால் கேட்காமலே அதன் மேல் எழுதிவிடும்.

டார் -டி -எஃப் போட்டோ.ஜிப்

இது உள்ளே இருக்கும் பெயர்களை மட்டும் காட்டும். தெரியாதவர் அனுப்பிய ஜிப்புக்கு இதை முதலில் கொடுங்கள். எக்ஸ்ப்ளோரர் வழக்கமாகப் பைல் பெயரின் வாலை மறைத்துவிடும். "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்ற புரோகிராம் அங்கே வெறும் பிடிஎஃப் போலத் தோன்றும். இங்கே முழுப் பெயரும் வந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே நான் கறுப்புத் திரைக்கு ஓட்டுப் போடுவேன்.

டார் -எக்ஸ் -எஃப் போட்டோ.ஜிப் -சி டெஸ்ட்

எக்ஸ் என்றால் விரி. இந்தக் கடைசி சி மட்டும் பெரிய எழுத்து. டெஸ்ட் என்ற காலி போல்டரை முன்பே உருவாக்கி வையுங்கள், டார் உருவாக்காது. காலியாக இருக்கட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் பைல் இருந்தால் இதுவும் கேட்காமல் மேலே எழுதும். ஜிப்பில் ஒவ்வொரு பைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. விரிக்கும்போது அது பொருந்தாவிட்டால் எரர் வரும். ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் வேலை சரியாக முடிந்தது என்று அர்த்தம். யூனிக்ஸ்காரர்களுக்கு அதிகம் பேசப் பிடிக்காது!

பென்டிரைவை முறைப்படி எஜெக்ட் செய்து, மறுபடி செருகி, அதில் உள்ள ஜிப்பின் மீதே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். விரிந்ததில் நாலைந்து போட்டோக்களைத் திறந்தும் பாருங்கள். அதற்குப் பிறகு டெஸ்ட் போல்டரைத் தாராளமாக டெலீட் செய்யலாம்.