மோட்டாரை அளக்காமல் ஆம்ப்ளிபையரைப் பழிக்காதீர்கள்

"ஆம்ப்ளிபையர் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க." சிஎன்சி மெஷின் வைத்துப் பிழைக்கும் சிறு பட்டறைக்காரர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் தீர்ப்பு இது. சர்வோ ஆம்ப்ளிபையர் பழுது பார்ப்பதிலேயே காலத்தைக் கழித்துவிட்டு இப்போது திருவாலங்காட்டில் ஓய்வாக இருக்கும் நான் சொல்கிறேன்: இந்தத் தீர்ப்புகளில் பல, விசாரணையே இல்லாமல் எழுதப்பட்டவை.

பழைய மோட்டார் எரிந்துவிடும். அதே கிலோவாட், அதே ஷாஃப்ட் என்று பார்த்து வேறு மோட்டாரை மாட்டுவார்கள். ஆம்ப்ளிபையரில் பழைய செட்டிங் அப்படியே இருக்கும். புது மோட்டார் விசில் அடிக்கும், சூடாகும், ஓவர்கரண்ட் என்று டிரிப் ஆகும். உடனே பழி ஆம்ப்ளிபையர் மேல்.

மோட்டாருக்குள் இருக்கும் காயிலைக் கோயில் தேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தவுடன் நகராது, நிறுத்தியவுடன் நிற்காது. காயிலில் கரண்ட்டும் அப்படித்தான்; அந்தக் கனத்துக்குப் பெயர் இன்டக்டன்ஸ். பெரிய தேருக்குப் போடும் முட்டுக்கட்டையைச் சின்னச் சப்பரத்துக்குப் போட்டால் என்ன ஆகும் என்று எந்த ஊர்ப் பெரியவரும் சொல்வார். ஆம்ப்ளிபையரின் கரண்ட் லூப்பில் அந்த அளவைத் தீர்மானிப்பவை இரண்டு எண்கள். முதலாவது, பிழை தெரிந்த கணமே எவ்வளவு வோல்ட் கொடுப்பது. இது இன்டக்டன்ஸுக்குத் தக்கபடி இருக்கவேண்டும். இரண்டாவது, மிச்சப் பிழையை எவ்வளவு வேகமாகச் சேர்த்துத் தீர்ப்பது. இது காயிலின் ரெசிஸ்டன்ஸுக்குத் தக்கபடி. பழைய அனலாக் ஆம்ப்ளிபையர்களில் ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் இந்த வேலையைச் செய்தன. மோட்டார் மாறினால் அவற்றையும் மாற்றவேண்டும் என்பது அந்தக் காலத்து மெக்கானிக்குக்குத் தெரியும்.

அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறை. முதலாளி மூன்றாவது ஆம்ப்ளிபையருக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார். மீட்டரை வைத்தேன். எரிந்த மோட்டாரின் கணக்கு ஒரு ஃபேஸுக்கு 2 மில்லிஹென்றி, 0.5 ஓம். புதியது 0.5 மில்லிஹென்றி, 0.25 ஓம். பழைய மோட்டாரில் 1 கிலோஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓடிய லூப், புதியதில் 4 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவியிருந்தது. 20 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்ச்சிங் செய்யும் அந்த டிஜிட்டல் ஆம்ப்ளிபையர், அளந்து கணக்குப் போட்டு வோல்ட் கொடுக்க ஏறத்தாழ 75 மைக்ரோசெகண்ட் ஆகும். 1 கிலோஹெர்ட்ஸில் அது 27 டிகிரி தாமதம், பாதகமில்லை. 4 கிலோஹெர்ட்ஸில் 108 டிகிரி. காயிலின் 90 டிகிரியும் சேர்ந்தால் 198. 180-ஐத் தாண்டினால் லூப் தானாக ஊசலாடும். விசில் வந்தது அங்கிருந்துதான். முதல் எண்ணைக் கால்வாசியாக்கினேன், இரண்டாவதைப் பாதியாக்கினேன். விசில் நின்றது. முன்பு குப்பைக்கு எறிந்த இரண்டு ஆம்ப்ளிபையர்களின் பணத்தை யார் திருப்பித் தருவார்கள்?

"ஆட்டோ ட்யூன் இருக்கே சார்" என்பார்கள். பலர் அழுத்தும் பட்டன் வேக லூப்பை மட்டும் சரிசெய்யும். கரண்ட் லூப்பைத் தொடாது. கரண்ட் லூப்பையே அளக்கும் ஆட்டோ ட்யூனும், மோட்டாரை நிறுத்தி வைத்துக் குறைந்த கரண்ட்டில் அளந்தால் முழு உண்மையைச் சொல்லாது. கரண்ட் ஏறி இரும்பு நிறைவுற்றதும் இன்டக்டன்ஸ் இறங்கிவிடும். டேட்டாஷீட்டில் இன்னொரு கண்ணி: பல கம்பெனிகள் இரண்டு ஃபேஸுக்கு நடுவே உள்ள அளவைக் கொடுக்கும். ஒரு ஃபேஸ் அளவைக் கேட்கும் ஆம்ப்ளிபையரில் அதை அப்படியே போட்டால் கெயின் இருமடங்கு.

"எந்த மோட்டாருக்கும் பொருந்தும்" என்று விற்பவர்களிடம் ஒரு கேள்வி. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தின் பெரிய வளையத்தில் 154 காந்தங்களை வரிசையாகக் கோத்த ஒரு சுற்றின் இன்டக்டன்ஸ் சுமார் 15 ஹென்றி. நம் 2 மில்லிஹென்றி மோட்டாரைப்போல ஏழாயிரம் மடங்குக்கு மேல். அங்கே கரண்ட் லூப்பை அந்தச் சுற்றுக்கென்றே கணக்கிட்டு அமைத்திருக்கிறார்கள். கோடிகள் புரளும் இடத்தில் செய்யும் கணக்கு, கடன் வாங்கி மெஷின் போட்டவருக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

எல்சிஆர் மீட்டரும் அரை மணி நேரமும் போதும். மூன்று ஃபேஸையும் அளக்கவேண்டும். ஷாஃப்ட்டைக் கையால் மெல்லத் திருப்பி, கிடைக்கும் அளவுகளில் மிகச் சிறியதைக் குறிக்கவேண்டும். சிறிய இன்டக்டன்ஸில்தான் லூப் முதலில் ஊசலாடும். இன்டக்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ், போட்ட இரண்டு எண்கள், தேதி: இவற்றை ஒரு அட்டையில் எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.

பட்டறை முதலாளிகளே, அந்த அட்டையைக் காட்டாமல் புது ஆம்ப்ளிபையருக்குக் கொட்டேஷன் நீட்டினால், வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.