செயற்கை எச்சில் வீண்செலவா?

எச்சில் என்றாலே முகம் சுளிக்கிறோம். தினமும் 0.5 முதல் 1.5 லிட்டர் வரை சுரக்கும் அது வற்றினால்தான் அருமை தெரியும். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களில் பலருக்கு உமிழ்நீர்ச் சுரப்பி பழுதாகி, இட்லிகூட தண்ணீர் இல்லாமல் இறங்காது. பேச்சும் தூக்கமும் கெடும்.

கடையில் ஸ்ப்ரேயாகவும் ஜெல்லாகவும் கிடைக்கும் செயற்கை உமிழ்நீர் கொஞ்ச நேரம் வாயை ஈரமாக வைக்கும், அவ்வளவுதான். பல்லைக் காக்க ஃப்ளோரைடு பற்பசை தனியாக வேண்டும். புளிப்பான வகை பல்லை அரிக்கும், பார்த்து வாங்குங்கள்.

"குணமாக்காததற்கு எதற்குக் காசு?" என்பார்கள். மூக்குக்கண்ணாடி மட்டும் கண்ணைக் குணமாக்குகிறதா என்ன? காமர்ஸ் படிக்கும் எனக்கே இந்தக் கணக்கு புரிகிறது. ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்குவது ஆடம்பரம் இல்லைங்க. கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே மருந்துச்சீட்டில் இதையும் எழுத வேண்டும். நீங்க என்ன சொல்றீங்க?